பூட்டுத் தொழிலும் புதியவரும்

நம் துறையில் இளங்கலை பயின்று வெளியேறிய மாணவர் ஒருவர், பூட்டுப் பழுது நீக்கும் கடை வைக்கலாமா என்று நம்மிடம் வினவினார். அவர் கருதிய தெருவில் அத்தகைய கடைகள் முன்னரே பல இருந்தன. அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

'சாவி' என்பது போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்த சொல். 'திறவுகோல்' நம்மிடம் இருந்தும் கடைத்தெருவில் வந்த சொல்லே நிலைத்தது. பூட்டின் கதையும் ஏறத்தாழ அதுவே. திண்டுக்கல் பூட்டு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. எனினும், அலிகாரிலிருந்து மலிவாக வந்திறங்கிய இயந்திரப் பூட்டுகளின் முன், அரத்தால் ராவி லீவர்களைப் பொருத்தும் கைவினைஞருக்கு உரிய கூலி கிட்டவில்லை. ஆதலால் இத்தொழிலை நாடும் இளைஞர் இன்று பூட்டுச் செய்வதை விடுத்து, பழுது நீக்குவதற்கும் மாற்றுச் சாவி வெட்டுவதற்குமே வருகின்றனர்.

அங்கும் நெருக்கடியே. சாவி வெட்டும் இயந்திரத்தின் ஒருபுறம் மூலச் சாவியையும் மறுபுறம் வெட்டாத சாவியையும் இறுக்கினால், ஒன்றின் பள்ளங்களை முனை தடவிச் செல்ல, மற்றதைச் சக்கரம் அவ்வாறே வெட்டும். சில நாளில் எவரும் கற்கலாம். ஆகவே எவரும் கடை திறக்கின்றனர், கூலியும் இறங்குகின்றது. முதலீடோ இயந்திரத்தோடு முடிவதில்லை. பூட்டு வகைதோறும் வெட்டாத சாவி வேறு. கேட்ட வகை இல்லையெனில் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். போட்ட பணம் சுவரில் ஆணிகளில் தொங்கிக்கொண்டிருக்கும்! புதிய கார்களின் சாவிக்குள் சில்லு உள்ளது. அதனை வண்டியின் மின்னணு அமைப்பில் பதிவு செய்யும் கருவிக்குத் தனிச் செலவு.

சாவியே தொலைந்த பூட்டு வரும்பொழுதுதான் இயந்திரம் உதவாமற் போகின்றது. வெட்டாத சாவியைப் பூட்டினுள் விட்டுத் திருப்பி, அதில் விழும் நுண்ணிய தடங்களைப் பார்த்துச் சிறிது சிறிதாக ராவ வேண்டும். இவ்வித்தை ஆண்டுக்கணக்கில் ஒருவரிடம் இருந்து பயில்வதாகும். கூலி குறையாதிருப்பதும் இவ்வேலைக்கே.

மற்றொன்று அமானிதம். ஹிஜ்ரி 8-இல் மக்கா வெற்றியின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கஃபாவின் திறவுகோலை உதுமான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களிடமே திரும்ப அளித்தார்கள். அக்குலத்தாரே இன்றும் அதனைக் காத்து வருகின்றனர். கடைத்தெருவில் இப்பொறுப்பு வேறு வடிவில் வரும். சோப்பில் பதித்த சாவி அச்சுடன் ஒருவர் வருவார். கூலியைப் பன்மடங்கு தருவதாகக் கூறுவார். வாடகை கொடுக்க வேண்டிய மாதக் கடைசியாகவும் அது இருக்கும். அவரைத் திருப்பியனுப்பும் மனவுறுதி கடை திறக்கும் முன்னரே வேண்டும். இரவில் கதவு திறக்க அழைப்பவர் அவ்வீட்டார்தாமா என்று அக்கம்பக்கத்தாரிடம் கேட்டறியவும் கூசலாகாது.

இவற்றையெல்லாம் அம்மாணவரிடம் கூறினோம். அவர் இயந்திரம் வாங்கவில்லை. முதிய ஆசாரி ஒருவரின் பட்டறையில் இப்பொழுது அரம் பிடிக்கக் கற்று வருகின்றார்.