சீனக் கடற்கரை நகரில் தமிழர்: சுவான்சோ அன்றும், தொலைவேலை இன்றும்

சுவான்சோ என்பது சீனாவின் தென்கிழக்கே, ஃபூஜியான் மாகாணத்தில், தைவான் நீரிணையை ஒட்டி அமைந்த துறைமுக நகரம். தமிழில் இதைக் குவான்சோ என்றும் எழுதுவர். பெயர் ஒத்திருந்தாலும் குவாங்சோ என்பது இதற்குத் தெற்கே உள்ள வேறு நகரம். சொங் மரபினரும் அவர்களுக்குப் பின் மங்கோலியரின் யுவான் மரபினரும் ஆண்ட காலத்தில் (10 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை) சுவான்சோ உலகின் பெரிய துறைமுகங்களில் ஒன்றாக விளங்கியது. மார்க்கோ போலோ இதைச் சைத்தூன் என்று குறிப்பிடுகிறார். 2021இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

தமிழருக்கு இந்த நகரம் அந்நியமானதன்று. தமிழ் வணிகர்கள் இங்கே தங்கி வாழ்ந்தார்கள், கோயில் கட்டினார்கள், தமிழில் கல்வெட்டும் வெட்டினார்கள். இன்று மடிக்கணினியை வைத்துக்கொண்டு எந்த ஊரிலிருந்தும் வேலை பார்க்கலாம் என்ற எண்ணம் இளைஞரிடம் பரவியுள்ளது. காரைக்கால் மாவட்டத்தின் குரும்பகரம் போன்ற சிற்றூர்களிலும் பிள்ளைகள் இதைப் பற்றிப் பேசுகிறார்கள். சீனக் கடற்கரை நகரில் தங்கி வேலை செய்வது என்றால் என்ன, அதற்கு எவை தேவை என்பதைப் பழைய சான்றுகளையும் இன்றைய நடைமுறையையும் சேர்த்து இக்கட்டுரை விளக்குகிறது.

காரைக்கால் கரையும் கடல் வாணிபமும்

காரைக்காலுக்குத் தெற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் நாகப்பட்டினம் உள்ளது. சோழர் காலத்தில் கிழக்குக் கடல் வாணிபத்தின் முதன்மைத் துறைமுகங்களில் இதுவும் ஒன்று. ஸ்ரீவிஜய அரசர் இங்கு எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாக அளித்தான். லெய்டன் செப்பேடுகள் என்று அழைக்கப்படும் ஆனைமங்கலச் செப்பேடுகள் இதைத் தெரிவிக்கின்றன.

சோழர்கள் சீனப் பேரரசருக்கு அனுப்பிய தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் அங்கே சேர்ந்தன. முதல் தூதுக்குழுவின் பயணம் 1,150 நாள் நீடித்ததாகச் சீன வரலாற்று நூலான சொங் ஷி குறிப்பிடுகிறது. அதாவது மூன்று ஆண்டுக்கும் அதிகம்.

கடல் வாணிபம் குடும்பங்களை எப்படிப் பாதித்தது என்பதற்குக் காரைக்காலின் சொந்தக் கதையே போதும். பெரியபுராணத்தில் வரும் காரைக்கால் அம்மையார், புனிதவதியாகப் பிறந்து, நாகப்பட்டினத்து வணிகர் குடும்பத்துப் பரமதத்தனை மணந்தவர். மாங்கனி நிகழ்ச்சிக்குப் பின் பரமதத்தன் வாணிபத்துக்கென்று கப்பல் ஏறினான். திரும்பியவன் காரைக்காலுக்கு வராமல் பாண்டிநாட்டுப் பட்டினம் ஒன்றில் தங்கி வேறு திருமணம் செய்துகொண்டான். செய்தி ஊர் வந்து சேர நெடுநாள் ஆயிற்று. ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழாவைக் காணும் நாம் இக்கதையின் பக்திச் செய்தியை அறிவோம். கணவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் வீட்டில் காத்திருந்த ஒரு பெண்ணின் நிலையும் அதே கதைக்குள் இருக்கிறது.

காற்று வகுத்த கால அட்டவணை

பாய்மரக் கப்பல் நினைத்த நாளில் புறப்பட முடியாது. சோழமண்டலக் கரையின் மீனவர் இன்றும் காற்றை வாடை, கச்சான், சோழகம், கொண்டல் என்று பிரித்துப் பேசுவர். தென்மேற்குப் பருவக்காற்றில் கப்பல்கள் கிழக்கு நோக்கிச் சென்றன. மலாக்கா நீரிணைப் பகுதியை அடைந்தபின், சீனா செல்ல மீண்டும் ஏற்ற காற்று வேண்டும். சீனாவிலிருந்து திரும்ப, குளிர்காலத்தில் வீசும் வடகிழக்குக் காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். எனவே போய்வர ஓராண்டு போதாது. வழியிலும் சென்ற ஊரிலும் பல மாதம் தங்கியே ஆகவேண்டும்.

சுவான்சோவில் நல்ல காற்று வேண்டி அரசு அதிகாரிகளே வழிபாடு நடத்தினர். நகருக்கு அருகிலுள்ள ஜியூரி மலைப் பாறைகளில் அந்த வழிபாடுகளைப் பற்றிய கல்வெட்டுகள் உள்ளன.

வணிகன் வெளியூரில் தங்கி வாழ்ந்ததற்குக் காற்றும் ஒரு காரணம் என்பதை மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். தங்கியவனுக்கு வீடு, சோறு, பாதுகாப்பு, வழிபாட்டு இடம், வழக்கு வந்தால் கேட்க ஓர் ஆள் ஆகிய எல்லாமே தேவைப்பட்டன.

சுவான்சோவில் வாழ்க்கை

1087இல் சொங் அரசு சுவான்சோவில் கடல் வாணிப அலுவலகம் ஒன்றை அமைத்தது. வரும் கப்பல்களைச் சோதித்து, சரக்குக்கு வரி வாங்கி, அயல்நாட்டு வணிகர்களைக் கண்காணிப்பது அதன் வேலை. இன்றைய சுங்கத்துறையும் குடிவரவுத் துறையும் சேர்ந்தது போன்றது என்று கொள்ளலாம். இந்த அலுவலகத்தில் பணியாற்றிய சாவ் ருகுவா என்பவர் 1225இல் அயல்நாடுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சோழநாட்டைப் பற்றிய செய்திகளும் அதில் உள்ளன. மலபார்ப் பகுதியிலிருந்து வந்த ஒரு தந்தையும் மகனும் சுவான்சோவின் தெற்குப்புறத்தில் குடியிருந்ததாகவும் அந்நூல் கூறுகிறது.

இந்தியாவிலிருந்து மிளகு, பருத்தித் துணி, முத்து போன்றவை சென்றன. சீனாவிலிருந்து பட்டும் பீங்கானும் வந்தன. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் நடந்த அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்துள்ளன. சுவான்சோ அருகே 1974இல் தோண்டி எடுக்கப்பட்ட 13ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்றில் மிளகும் நறுமண மரங்களும் இருந்தன.

தமிழ் வணிகர்கள் தனித்தனியாகப் போகவில்லை. ஐந்நூற்றுவர், மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் போன்ற வணிகக் குழுக்கள் இருந்தன. தாய்லாந்தின் தகுவாபாவில் மணிக்கிராமத்தைக் குறிக்கும் தமிழ்க் கல்வெட்டும், சுமத்திராவின் பாரூஸ் பகுதியில் ஐந்நூற்றுவரைக் குறிக்கும் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் கிடைத்துள்ளன. வழி நெடுகத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள் என்பதற்கு இவை சான்று.

1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு

சுவான்சோவில் கிடைத்த தமிழ்ச் சான்றுகளில் முதன்மையானது ஒரு தமிழ்க் கல்வெட்டு. அதன் இறுதியில் சீன எழுத்து வரியும் உள்ளது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம் என்று அது காலம் குறிக்கிறது. இது 1281 ஏப்ரல் ஆகும். தவச்சக்கரவர்த்தி என்னும் சம்பந்தப் பெருமாள், கானின் உடல்நலத்துக்காகச் சிவபெருமானை எழுந்தருளுவித்தார் என்பது அதன் செய்தி. கானின் ஆணைப்படி இது செய்யப்பட்டதாகவும் கல்வெட்டு கூறுகிறது. ஆணையைக் குறிக்க வந்திருப்பது பர்மான் என்ற பாரசீகச் சொல். சீனத் துறைமுகத்தில், மங்கோலியர் ஆட்சியில், தமிழ்க் கல்வெட்டில் ஒரு பாரசீகச் சொல் வருவதே அந்த நகரம் எப்படிப்பட்டது என்பதைக் காட்டிவிடும்.

ஆண்டையும் கவனிக்க வேண்டும். 1279இல் சொங் ஆட்சி முற்றிலும் முடிந்தது. தமிழகத்தில் சோழப் பேரரசின் கடைசி மன்னனான மூன்றாம் இராஜேந்திரனின் ஆட்சி முடிந்ததும் 1279 அளவில்தான். ஊரில் தங்களை ஆதரித்த அரசும் இல்லை, வந்த இடத்தில் இடம் கொடுத்த அரசும் இல்லை. இந்த நிலையில் இரண்டே ஆண்டுகளில் அங்கிருந்த தமிழர் புதிய ஆட்சியாளரின் அனுமதியைப் பெற்று, அவர் பெயரால் கோயில் எழுப்பி, அதைக் கல்லிலும் எழுதி வைத்தார்கள். இக்கல்வெட்டு பக்தியைக் காட்டுவது உண்மை. அயலூரில் தொடர்ந்து வாழ்வதற்கான உரிமையை உறுதி செய்துகொள்ளும் முயற்சியாகவும் இதைப் படிக்கலாம்.

இன்று எஞ்சியவை

சுவான்சோவிலும் சுற்றுப்புறத்திலும் இந்து சமயச் சிற்பங்கள் பல கிடைத்துள்ளன. அங்குள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். சிவலிங்கத்தை யானை வழிபடும் சிற்பமும் அவற்றுள் உண்டு. கையுவான் என்னும் பௌத்தக் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம் உள்ள இரண்டு கல்தூண்களில் நரசிம்மர், கண்ணன் உருவங்கள் உள்ளன. அழிந்துபோன இந்துக் கோயிலின் கற்களைப் பிற்காலத்தில் அங்கே பயன்படுத்தியுள்ளனர். செடியான் என்ற சிற்றூரில் நான்கு கைகளுடைய பெண் தெய்வச் சிலை ஒன்றை அவ்வூர் மக்கள் குவான்யின் என்னும் கருணைத் தெய்வமாக வணங்கி வருகிறார்கள்.

14ஆம் நூற்றாண்டின் நடுவில் சுவான்சோவில் பெருங்கலகம் மூண்டது. 1368இல் மிங் ஆட்சி வந்து, தனியார் கடல் வாணிபத்துக்குத் தடை விதித்தது. அயல்நாட்டார் குடியிருப்புகள் தேய்ந்தன. தமிழர் சிலர் திரும்பியிருக்கலாம். மற்றவர் அவ்வூராரோடு கலந்திருக்கலாம்.

நம் கரையிலும் இதே கதைதான். நாகப்பட்டினத்தில் சீன கோபுரம் என்று மக்கள் அழைத்த மூன்று அடுக்குச் செங்கல் கட்டடம் ஒன்று நின்றது. 1867இல் அது இடிக்கப்பட்டது. 1267இல் கட்டி முடிக்கப்பட்டதைக் குறிக்கும் சீன எழுத்துகளோடு ஒரு கோபுரம் இருந்ததாக வாங் தயுவான் என்ற சீனப் பயணி 14ஆம் நூற்றாண்டில் எழுதியுள்ளார். அவர் கண்டதும் நாகப்பட்டினத்துக் கோபுரமும் ஒன்றே என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

இன்றைய தொலைவேலை

தொலைவேலை என்பது அலுவலகம் ஓர் ஊரிலும் வேலை செய்பவர் வேறோர் ஊரிலும் இருந்துகொண்டு இணையம் வழியாகப் பணி செய்வது. சீனக் கடற்கரை நகரில் தங்கி இந்திய நிறுவனத்துக்கு வேலை செய்ய நினைப்பவர் அறிய வேண்டியவை:

நேரம்: சீனா முழுவதும் ஒரே நேரம். அது இந்திய நேரத்தை விட இரண்டரை மணி முன்னால் உள்ளது. காரைக்காலில் காலை 9.30 என்றால் சுவான்சோவில் நண்பகல் 12.00. இந்த இடைவெளி வேலைக்கு வசதியானதே.

அனுமதி: சீனாவில் வேலை செய்யும் அயல்நாட்டவருக்குப் பணி அனுமதியும் வதிவிட அனுமதியும் வேண்டும். சுற்றுலா விசாவில் வேலை செய்யக்கூடாது. மலேசியா, தாய்லாந்து, ஜப்பான் ஆகியவற்றில் தொலைவேலை செய்வோர்க்குரிய விசா வகைகள் உள்ளன. சீனாவில் அப்படி ஒன்று இல்லை. சட்டவிரோதமாக வேலை செய்தால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம் உண்டு. குற்றம் கடுமையானால் தடுப்புக்காவலும் உண்டு. மாணவர் விசாவில் இருப்பவர் பகுதிநேர வேலை செய்யவும் முன் அனுமதி பெற வேண்டும்.

பதிவு: விடுதியில் தங்கினால் விடுதியாரே காவல்துறைக்குத் தெரிவித்துவிடுவர். வாடகை வீட்டிலோ நண்பர் வீட்டிலோ தங்கினால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும்.

இணையம்: கூகுள், யூடியூப், முகநூல், வாட்சப் ஆகியவை சீன இணையத்தில் தடுக்கப்பட்டுள்ளன. அங்குள்ளோர் பேசவும் பணம் செலுத்தவும் வீசாட், அலிபே செயலிகளைப் பயன்படுத்துகின்றனர். இந்திய அரசோ 2020 ஜூன் 29 அன்று வீசாட் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. ஆகவே அங்கே இருக்கும் பிள்ளைக்கு வாட்சப் கிடைக்காது. இங்கே இருக்கும் அம்மாவுக்கு வீசாட் கிடைக்காது. பரமதத்தன் காலத்துக் கடலைப் போல இன்று இது நடுவே நிற்கிறது. இந்தியச் செல்பேசி எண்ணில் சர்வதேச ரோமிங் வைத்துக்கொள்வது, நேரடியாகத் தொலைபேசியில் அழைப்பது ஆகிய வழிகள் உண்டு. செலவு கூடும். அரசு அனுமதி இல்லாத விபிஎன் செயலிகளைப் பயன்படுத்துவது சட்டச் சிக்கலில் கொண்டுவிடலாம்.

வரி: ஓர் ஆண்டில் 183 நாள் அல்லது அதற்கு மேல் தங்குபவர் சீன வரிச் சட்டப்படி அங்கே வசிப்பவராகக் கருதப்படுவார். ஒரே வருமானத்துக்கு இரு நாட்டிலும் வரி விழாமல் தடுக்க இந்தியாவும் சீனாவும் 1994இல் உடன்பாடு செய்துள்ளன. அதன் பயனைப் பெற முறையான ஆவணங்கள் வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு பாடம்

2020இன் தொடக்கத்தில் கொரோனாவால் ஊர் திரும்பிய இந்திய மருத்துவ மாணவர்கள் ஆயிரக்கணக்கானோர் சீனாவுக்குத் திரும்பிச் செல்ல முடியாமல் போயிற்று. கல்லூரி சீனாவில், மாணவர் இந்தியாவில் என்று இணையவழியிலேயே பாடம் நடந்தது. இணையவழியில் மட்டும் படித்த மருத்துவப் படிப்பை ஏற்க முடியாது என்று இந்திய தேசிய மருத்துவ ஆணையம் 2022 பிப்ரவரியில் அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் சீனா மாணவர் விசாவை மீண்டும் தரத் தொடங்கியது. தொலைவிலிருந்து எதையும் செய்துவிட முடியும் என்பது எல்லா இடத்திலும் செல்லாது. செய்த வேலையை, படித்த படிப்பை ஏற்றுக்கொள்ள ஓர் அதிகாரம் இருக்க வேண்டும்.

பர்மான் இல்லாமல் சம்பந்தப் பெருமாளும் கோயில் கட்டவில்லை. எனவே அயல்நாட்டில் தங்கி வேலை செய்ய விரும்பும் மாணவர் புறப்படும் முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை வைத்திருப்பது நல்லது. நான் எந்த அனுமதியில் அங்கே இருக்கப்போகிறேன்? நோயோ வழக்கோ வந்தால் அங்கே யாரிடம் போவேன்? வீட்டாரோடு எந்த வழியில், வாரத்துக்கு எத்தனை முறை பேசுவேன்? மூன்றாவது கேள்வியின் விடையை ஒரு தாளில் எழுதி, வீட்டுச் சுவரில் அம்மா கண்ணில் படும்படி ஒட்டிவிட்டுப் போக வேண்டும்.