அமெரிக்காவில் சமயச்சார்பற்ற பழமைவாதம்

சமயச்சார்பற்ற பழமைவாதம் என்பது அரசின் அளவும் செலவும் குறைய வேண்டும், நீண்டகால மரபுகளை அவசரப்பட்டுக் கலைக்கக் கூடாது என்னும் பழமைவாதக் கருத்துகளை இறைநம்பிக்கையின் துணையின்றி நிறுவ முயலும் அரசியல் சிந்தனைப் போக்காகும். அமெரிக்கப் பழமைவாதிகள் என்றவுடன் தேவாலயமும் விவிலியமும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அந்த அணிக்குள் நாத்திகர்களும் அறியொணாவாதிகளும் தொடக்கத்திலிருந்தே இருந்துள்ளனர். வரி, கடன், அரசுச் செலவு ஆகியவற்றில் பக்தர்களோடு ஒரே பக்கம் நின்ற இவர்களுக்கு, அந்தக் கருத்துகளுக்கு அடிப்படை எது என்ற கேள்வி எழும்போதெல்லாம் சிக்கல் நேர்ந்தது.

இருவகையினரின் கூட்டு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க வலதுசாரிகள் இரு பிரிவாக இருந்தனர். சந்தைச் சுதந்திரத்தை முதன்மையாகக் கருதியவர்கள் ஒரு பிரிவு. சமயமும் ஒழுக்கமுமே சமூகத்தின் அடித்தளம் என்றவர்கள் மற்றொரு பிரிவு. 1955இல் வில்லியம் பக்லி தொடங்கிய 'நேஷனல் ரிவியூ' இதழ் இவ்விருவரையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. அவ்விதழின் ஆசிரியர் குழுவில் இருந்த பிராங்க் மேயர் இக்கூட்டுக்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தார். நற்பண்பு மனிதனின் உயர்ந்த நோக்கம். ஆனால் வற்புறுத்தலால் வருவது நற்பண்பு ஆகாது. ஆகவே நற்பண்பை விரும்புவோரும் சுதந்திரத்தைக் காக்க வேண்டும் என்பது அவரது வாதத்தின் சாரம். வலிமைமிக்க மைய அரசும் பொதுவுடைமையும் இரு தரப்புக்கும் பொது எதிரிகளாக இருந்தது இந்த உடன்பாட்டை எளிதாக்கியது.

பக்லி உறுதியான கத்தோலிக்கர். நாத்திகரான மாக்சு ஈஸ்ட்மன் அவ்விதழில் சமயத் தொனி மிகுந்துவிட்டது என்று கூறி விலகினார். 1957இல் வெளிவந்த அயன் ராண்டின் 'அட்லஸ் ஷ்ரக்ட்' என்ற புதினம் அரசுத் தலையீட்டை மிகக் கடுமையாகச் சாடியது. பழமைவாதிகள் அதைக் கொண்டாடியிருக்க வேண்டும். ஆனால் ராண்ட் வெளிப்படையான நாத்திகர். 'நேஷனல் ரிவியூ'வில் விட்டேக்கர் சேம்பர்சு எழுதிய மதிப்புரை அந்நூலைக் கிழித்தெறிந்தது. இருதரப்பும் பின்னர் சமாதானமாகவே இல்லை.

செலவு பற்றிய மனக்குறை

1964ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் பேரி கோல்டுவாட்டர் சிறிய அரசு என்ற முழக்கத்துடன் நின்று படுதோல்வி அடைந்தார். மறு ஆண்டே லிண்டன் ஜான்சன் முதியோருக்கான மெடிகேர், வறியோருக்கான மெடிக்கெய்டு ஆகிய மருத்துவத் திட்டங்களைக் கொண்டுவந்தார். இன்றும் கூட்டாட்சி அரசின் பெருஞ்செலவுகளில் இவை அடங்கும்.

பழமைவாதிகளின் எரிச்சலுக்கு எதிர்க்கட்சியை மட்டும் காரணம் காட்ட முடியாது. அவர்கள் தேர்ந்தெடுத்த தலைவர்களின் காலத்திலும் செலவு குறையவில்லை. அரசே பிரச்சினை என்று சொல்லி 1981இல் பதவியேற்ற ரொனால்டு ரேகனின் எட்டாண்டுகளில் கூட்டாட்சி அரசின் கடன் ஏறத்தாழ மூன்று மடங்கானது. வரி குறைக்கப்பட்டது, படைச் செலவு உயர்ந்தது, சமூக நலத் திட்டங்களோ பெரும்பாலும் அப்படியே நின்றன. ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 2003இல் மெடிகேருடன் மருந்துச் செலவுத் திட்டத்தையும் சேர்த்தார். பிரதிநிதிகள் அவையில் அதற்குப் போதிய வாக்குகள் கிடைக்காததால் வாக்கெடுப்பு ஏறத்தாழ மூன்று மணி நேரம் நீட்டிக்கப்பட்டது. எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியினர் சிலரின் மனத்தை மாற்றிய பிறகே அது நிறைவேறியது.

புஷ் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக எந்தச் சட்ட வரைவையும் மறுப்பாணையால் தடுக்கவில்லை. 2006 சூலையில் முதன்முறையாக அவர் தடுத்தது, கருமுட்டைக் குருத்தணு ஆய்வுக்கான அரசு நிதியை விரிவாக்கும் வரைவை. காரணம் செலவு அன்று; கருவின் உயிர் பற்றிய அறநோக்கு. சிக்கனத்தை எதிர்பார்த்து வாக்களித்த சமயச்சார்பற்ற பழமைவாதிகளுக்கு, கூட்டணியில் யார் சொல் எடுபடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு கிடையாது.

2008 அக்டோபரில் வங்கிகளைக் காக்க 70,000 கோடி டாலர் வரை அனுமதிக்கப்பட்டது. முதல் வாக்கெடுப்பில் பிரதிநிதிகள் அவை அதை 228க்கு 205 என்ற கணக்கில் நிராகரித்திருந்தது. 2009 பிப்ரவரியில் பராக் ஒபாமா 78,700 கோடி டாலர் மதிப்பிலான ஊக்கத் திட்டத்தில் கையொப்பமிட்டார். இதையடுத்துத் தேநீர் விருந்து இயக்கம் வெடித்தெழுந்தது. அதன் முழக்கம் கடனும் வரியும் பற்றியதாகவே இருந்தது. எனினும் அதில் பங்கேற்றோரில் பலர் சுவிசேஷ சபைக் கிறித்தவர்கள்.

சமய அமைப்புகளுக்கு அரசுப் பணம்

செலவுக் கேள்வியும் சமயக் கேள்வியும் நேரடியாகச் சந்தித்த இடம், 2001 சனவரியில் வெள்ளை மாளிகையில் புஷ் அமைத்த நம்பிக்கைசார் முன்முயற்சிகளுக்கான அலுவலகம் ஆகும். போதை மீட்பு, சிறையிலிருந்து விடுதலையானோர் மறுவாழ்வு போன்ற பணிகளுக்கான கூட்டாட்சி நிதியைத் தேவாலயங்களும் சமய அமைப்புகளும் எளிதாகப் பெற வழிசெய்வது அதன் நோக்கம். அரசு அலுவலகத்தைவிடத் திருச்சபை அக்கறையோடு உதவும் என்றனர் ஆதரவாளர்கள். சமயச்சார்பற்றோர் இதை அரசியலமைப்பின் முதல் திருத்தத்துக்கு முரணானது என்றனர். சிக்கனவாதிகளின் கவலை வேறு: தனியார் அறம் அரசுக்கு மாற்றாக இருக்க வேண்டும், அதற்கே அரசு பணம் கொடுத்தால் அது அரசின் இன்னொரு கிளை ஆகிவிடும். அரசுப் பணத்தோடு அரசின் விதிகளும் உள்ளே வரும் என்று சமயத் தலைவர்களிலும் சிலர் அஞ்சினர். மூன்று வேறுபட்ட தரப்பினர் வெவ்வேறு காரணங்களால் ஒரே திட்டத்தைச் சந்தேகித்தது அரிய காட்சி.

சமயத்திலிருந்து விடுதலைக்கான அறக்கட்டளை தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2007இல் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில், வரி செலுத்துவோர் என்ற தகுதி மட்டுமே கொண்டு இச்செலவை எதிர்த்து வழக்காட முடியாது எனத் தீர்ப்பானது. காங்கிரசு குறிப்பிட்டு ஒதுக்கிய நிதி அன்று, நிர்வாகம் தன் பொது நிதியிலிருந்து செய்த செலவு என்பது காரணம். செலவு சரியா தவறா என்பதை நீதிமன்றம் தொடவே இல்லை.

கடவுள் சொல்லுக்கு மாற்றுச் சொல்

மனித உரிமைகள் படைத்தவன் தந்தவை என்கிறது 1776ஆம் ஆண்டு விடுதலைச் சாற்றுரை. உரிமையை அரசு தரவில்லை, ஆகவே அரசு பறிக்கவும் முடியாது என்ற பழமைவாத வாதம் இதிலிருந்தே வலுப்பெறுகிறது. படைத்தவனை நீக்கிவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது என்பதே சமயச்சார்பற்றவர்களின் முதன்மையான சிக்கல்.

ராண்ட் அங்கே மனித இயல்பையும் பகுத்தறிவையும் வைத்தார். அறியொணாவாதியான பிரெடரிக் ஹயெக் பட்டறிவை வைத்தார். மொழி, சந்தை, வழக்காறு போன்றவை யாரும் திட்டமிடாமல் தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்ந்தவை. அவற்றிலுள்ள அறிவை எந்தத் திட்டக்குழுவும் முழுதாகத் திரட்ட இயலாது என்றார். ஹயெக் தம்மைப் பழமைவாதி என்று அழைத்துக்கொள்ள மறுத்தவர். 1960இல் அதற்கெனத் தனிக் கட்டுரையே எழுதினார். இருந்தும் தம் கடைசி நூலில், பயனுள்ள மரபுகளைக் காத்துக் கொடுத்ததில் சமயங்களுக்குப் பங்குண்டு என ஒப்புக்கொண்டார்.

அரசுக் கடனுக்கும் இப்படி ஒரு மாற்று விளக்கம் உண்டு. கடனைப் பாவமென்றோ ஒழுக்கச் சரிவென்றோ கூறாமல், ஜேம்ஸ் புக்கனன் அதை ஊக்கங்களின் விளைவாகக் கண்டார். செலவின் பலன் இன்றைய வாக்காளர் கண்ணுக்குத் தெரிகிறது. கடனின் சுமை இன்னும் வாக்குரிமை பெறாதவர்மேல் விழுகிறது. நல்லவர்கள் ஆண்டாலும் பற்றாக்குறை வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் பிரசங்க மேடையில் கிடைப்பதில்லை. புக்கனன் 1986இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

அரசுச் சின்னங்களிலும் இதே இழுபறி உண்டு. 1782ஆம் ஆண்டு முத்திரையிலுள்ள 'பலவற்றிலிருந்து ஒன்று' என்ற இலத்தீன் தொடரில் கடவுள் இல்லை. 'கடவுளை நம்புகிறோம்' என்பது தேசியக் குறிக்கோளுரையானது பனிப்போர் நடந்த 1956இல்தான். பதவியேற்போர் சத்தியம் செய்யாமல் உறுதி மட்டும் கூறலாம் என்பதையோ அரசியலமைப்பே தொடக்கத்திலிருந்து அனுமதிக்கிறது.

அணிக்குள் இன்றைய நிலை

சமய அழுத்தக் குழுக்கள் தம்மை மிரட்டுவதாக 1981இல் மேலவையில் கொதித்துப் பேசியவர் கோல்டுவாட்டர்தான். அவர் நாத்திகர் அல்லர். ஹெதர் மேக் டொனால்டு 2006இல் சமயமற்ற பழமைவாதிகளுக்காக வாதிட்டு எழுதினார். நாத்திகரான ஜார்ஜ் வில் 2019ஆம் ஆண்டு நூலில் ஒரு அத்தியாயத்தையே இதற்கு ஒதுக்கினார். 2014ஆம் ஆண்டுப் பழமைவாத அரசியல் மாநாட்டில் அமெரிக்க நாத்திகர் சங்கத்துக்கு முதலில் அரங்கு தரப்பட்டு, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெறப்பட்டது. மறு ஆண்டு அச்சங்கத்துக்கு இடம் கிடைத்தது.