ஆள் கூடினால் போதுமா?

கள்ளக்குறிச்சிச் சமவெளியிலும் கல்வராயன்மலை அடிவாரத்து ஊர்களிலும் பொங்கலையொட்டிக் கபடி பார்ப்பவர்களுக்கு இந்தக் கட்டம் பழக்கமானது. ஒரு பக்கம் ஏழு பேரும் களத்தில் நிற்பார்கள். எதிரணி மூன்று பேராகச் சுருங்கியிருக்கும். இதோ ஆல் அவுட், கூடுதலாக 2 புள்ளி என்று கூட்டம் முடிவு கட்டிவிடும். அந்த நேரம் பார்த்துப் பாடிப் போனவரை மூவரும் சேர்ந்து அமுக்கிவிடுவார்கள். சூப்பர் டேக்கிள் என்பதால் ஒன்றுக்கு இரண்டாகப் புள்ளி. வெளியே உட்கார்ந்திருந்தவரில் ஒருவர் உள்ளே வருவார். ஆட்டம் அங்கேயே திரும்பிவிடும். ஆள் பலம் இருந்தும் ஏன் இப்படி ஆகிறது என்ற கேள்விக்கு, பனித்தரையில் ஆடும் ஐஸ் ஹாக்கியில் தெளிவான விடை இருக்கிறது. அந்த ஆட்டத்தின் பவர்பிளே முழுக்க முழுக்க இந்தக் கேள்வியின் மீதே நிற்கிறது.

கிரிக்கெட்டில் நாம் கேட்கும் பவர்பிளே வேறு. அங்கே ஆள் குறைவதில்லை, வட்டத்துக்கு வெளியே நிற்கும் பீல்டர்களுக்குத்தான் கட்டுப்பாடு. ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பர் போக அணிக்கு 5 பேர். சாதாரணத் தவறு செய்தவர் 2 நிமிடம் வெளியே உட்கார வேண்டும். ஒரு ஆள் கூடுதலாக ஆடும் எதிரணிக்கு அந்த நேரம்தான் பவர்பிளே. அதற்குள் எதிரணி ஒரு கோல் போட்டால் அவர் உடனே திரும்பலாம். இந்தச் சலுகைக்குப் பின்னே ஒரு கதை உண்டு. 1955 நவம்பர் 5 அன்று பாஸ்டன் அணியில் இருவர் வெளியே இருந்தபோது, மான்ட்ரியலின் ஜான் பெலிவோ 44 வினாடிகளில் 3 கோல் அடித்தார். அப்போதெல்லாம் கோல் விழுந்தாலும் தண்டனை முழுதாகத் தொடரும். மான்ட்ரியலின் ஆதிக்கம் தாங்காமல் 1956-57 பருவத்தில் விதியையே மாற்றினார்கள்.

இவ்வளவு வலிமையான வாய்ப்பிலும் வட அமெரிக்காவின் என்.எச்.எல். போட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பவர்பிளேதான் கோலாகிறது. அப்படியானால் ஒரு ஆள் கூடுவதில் பெரிய பயனில்லை என்று சிலர் வாதிடலாம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஒரு அணி 60 நிமிடத்தில் சராசரியாக 3 கோல் போடுகிறது என்றால், ஏதோ ஒரு 2 நிமிடத்தில் கோல் விழும் வாய்ப்பு பத்தில் ஒன்று. பவர்பிளே அதை இரண்டு மடங்காக்குகிறது. எட்மன்டன் ஆயிலர்ஸ் 2022-23 பருவத்தில் 32.4 சதவீதம் எட்டியது, என்.எச்.எல். வரலாற்றில் அதுவே உச்சம். ஒரே விதி, ஒரே கூடுதல் ஆள், ஆனாலும் அணிக்கு அணி இவ்வளவு வேறுபாடு. அந்த ஆளை எங்கே நிறுத்துகிறார்கள், எதிராளியை எப்படித் திரும்ப வைக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஆள் குறைந்த அணியின் நால்வரும் சதுரமாக நின்று கோலுக்கு நேரான நடுப்பகுதியை அடைப்பார்கள், ஓரங்களை விட்டுக்கொடுப்பார்கள். ஓரத்திலிருந்து நேராக வரும் அடி கோல்கீப்பருக்குக் கண்ணெதிரே வருகிறது, தடுத்துவிடுவார். இதை உடைக்கப் பல அணிகள் பின்னால் ஒருவர், நடுவில் குறுக்கே மூவர், கோலருகே ஒருவர் என்று நிற்கின்றன. நடு மூவரில் மையத்தவர் அந்தச் சதுரத்துக்குள்ளேயே நிற்பார். அவரைக் கவனித்தால் ஓரத்தவர் விடுபடுவார். ஓரத்தவரிடம் போனால் இவர் விடுபடுவார். பந்துக்குப் பதிலாக ஆடும் வட்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சட்டெனக் குறுக்கே போகும்போது கோல்கீப்பர் பக்கவாட்டில் நகர்ந்தே ஆக வேண்டும். கூடுதல் ஆளின் பயன் முழுவதும் அந்த அரை நொடியில் அடங்கியிருக்கிறது. அந்த அரை நொடியை உண்டாக்காத அணிக்கு, என் பார்வையில், ஆள் கூடியதும் கூடாததும் ஒன்றுதான்.

நம் ஹாக்கியிலேயே இதற்குச் சான்று உண்டு. 2024 ஆகஸ்ட் 4 அன்று பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக ஆடியபோது 17ஆம் நிமிடம் இந்தியாவின் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். மீதி 40 நிமிடங்களுக்கு மேல் 10 பேராக ஆடிய இந்தியா, அந்த நிலையிலேயே முதல் கோலையும் போட்டது. பிரிட்டன் சமன் செய்தது. 1-1 என முடிந்த ஆட்டத்தை ஷூட் அவுட்டில் 4-2 என்று இந்தியா வென்றது. கோல்கீப்பர் ஸ்ரீஜேஷின் தனித்திறமைதான் காரணம் என்பார்கள். அவர் அன்று அரிய ஆட்டம் ஆடினார், அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு ஆள் கூடுதலாக இருந்தும் ஒரு கோலுக்கு மேல் போட முடியாதபடி ஓர் அணி தவித்ததை ஒருவரின் திறமையை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது. அந்தக் கூடுதல் ஆள் தற்காப்பைப் போதிய அளவு கலைக்கவில்லை.

கபடியில் ஏழு பேர் இருந்தாலும் பாடிப் போவது ஒருவர்தான், ஒப்பிட முடியுமா என்று கேட்கலாம். உண்மை; அங்கே ஆள் பலம் ரெய்டருக்கு இடமாகக் கிடைக்கிறது. பத்து மீட்டர் அகலத்தை மூவரால் அடைக்க முடியாது. அதனால் அவர்கள் அடைக்க முயல்வதே இல்லை. ரெய்டர் ஆசைப்பட்டு ஆழமாக இறங்கும்வரை காத்திருந்து, திரும்பும் வழியை மறிக்கிறார்கள். 30 வினாடியையும் பயன்படுத்தி ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்குமாக மூவரையும் நகரவைத்து, அவர்களுக்கிடையே இடைவெளி விழுந்த பிறகு கை நீட்டுபவருக்கே புள்ளி கிடைக்கும். கள்ளக்குறிச்சி மாவட்டப் பள்ளி அணிகள் பயிற்சியில் தினமும் சிறிது நேரம் எதிரே மூவரை மட்டும் நிறுத்திப் பாடிப் பழகலாம். அவசரப்பட்டு முதல் பத்து வினாடிக்குள் இறங்கும் ரெய்டரை அங்கேயே திருத்திவிடலாம்.