கதவிலே பெயர்!

பசித்தவனுக்குச் சோறு போட்ட பிறகு புத்திமதி சொல்லலாம். புத்திமதியைக் கேட்டு நடந்து காட்டினால்தான் சோறு என்றால், அதை நியாயம் என்பீர்களா, தோழர்களே? வீடற்ற மனிதனிடம் பல நாட்டுச் சர்க்கார்கள் பேசிய நியாயம் இதுதான். குடியை விடு, வேலையைத் தேடு, நோயைத் தீர்த்துக்கொள். வீட்டைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றன. படுக்க இடமில்லாதவன் நோயை எங்கே படுத்துத் தீர்ப்பான்? விலாசம் இல்லாதவனுக்கு வேலை கொடுக்கும் முதலாளி யார்?

இந்தத் தலைகீழ் நியாயத்தை நிமிர்த்தி வைத்த நாடு பின்லாந்து. வடகோடியில், பனி உறையும் பூமி. மக்கள் தொகை 56 லட்சம். 1987இல் அங்கே 18,000 பேருக்கு மேல் வீடற்றிருந்தனர். தலைநகரான ஹெல்சிங்கியில் விடுதிகள் இருந்தன. இரவுப் படுக்கைகளும் இருந்தன. ஆனால் படுக்கை வேறு, வீடு வேறு. இரவு கிடைத்த படுக்கை மறுநாள் கிடைக்குமா என்று தெரியாது. பூட்டிக்கொள்ள ஒரு கதவு கிடையாது.

2007இல் அந்நாட்டுச் சர்க்கார் நால்வர் குழு ஒன்றை அமைத்தது. பேராயர் ஒருவர், மருத்துவர் ஒருவர், ஹெல்சிங்கி நகராட்சியின் சமூக நலத் தலைவர், வீட்டு வசதி அறக்கட்டளை ஒன்றின் தலைவர். அவர்கள் தந்த அறிக்கையின் பெயரே 'கதவிலே பெயர்' என்பதுதான். முதலில் வீட்டைக் கொடுங்கள், அவன் பெயரைக் கதவில் எழுதுங்கள், மற்றவற்றை அந்த வீட்டில் இருந்தபடியே சரி செய்யலாம் என்றார்கள்.

நல்ல அறிக்கைகள் எல்லா நாட்டிலும் உண்டு, அலமாரிகளில் தூங்குகின்றன. பின்லாந்தின் அறிக்கை தூங்காமல் எழுந்து நடந்ததற்குக் காரணம் என்ன? கையெழுத்து! 2008இல் மத்திய சர்க்கார் 10 பெரிய நகரங்களோடு தனித்தனியே ஒப்பந்தம் செய்துகொண்டது. எத்தனை வீடுகள், எங்கே, எப்போதுக்குள் என்பதெல்லாம் எழுத்தில் வந்தன. நிலமும் திட்டமும் நகராட்சியின் பொறுப்பு. கட்டுவதற்கும் வாங்குவதற்கும் பழுது பார்ப்பதற்கும் ஆகும் செலவில் பாதி வரை மத்திய சர்க்காரின் மானியம். குடியேறியவர்களுக்குத் துணை நிற்கும் ஊழியர்களின் சம்பளத்தில் பாதி மத்தியினுடையது, பாதி நகராட்சியினுடையது. பழியை அடுத்தவர் தலையில் போட்டு நழுவ யாருக்கும் வழியில்லை!

அந்த வீடுகள் இனாமா? இல்லை. குடியிருப்பவர் முறைப்படி வாடகை ஒப்பந்தம் செய்து வாடகை செலுத்துகிறார். வருமானம் போதாதவருக்குத் தேசிய சமூகக் காப்பீட்டு நிறுவனம் வாடகை உதவி தருகிறது. ஆகவே அவர் அண்டிப் பிழைப்பவர் அல்ல, உரிமையுள்ள குடித்தனக்காரர்.

ஹெல்சிங்கியின் ஆல்ப்பிகாட்டு தெருவில் இரட்சணிய சேனையின் பெரிய விடுதி ஒன்று இருந்தது. சுமார் 250 படுக்கைகள். அதைப் புதுப்பித்து ஏறத்தாழ 80 தனி வீடுகளாக்கினார்கள். இரவும் பகலும் அங்கே ஊழியர்கள் உண்டு. படுக்கை குறைந்தது, வீடு பிறந்தது! வீடு வாங்கி வாடகைக்கு விடும் பணியில் ஓர் அறக்கட்டளையும் முன்னின்றது. 1985இல் அதைத் தோற்றுவித்தவர்களில் பெரு நகராட்சிகள், செஞ்சிலுவைச் சங்கம், திருச்சபை இவற்றோடு கட்டிடத் தொழிலாளர் சங்கமும் உண்டு என்பதைத் தொழிலாளத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பலன் என்ன? 2011க்குள் நீண்டகால வீடின்மையைப் பாதியாக்குவோம் என்றார்கள். அந்த ஆண்டு அது கைகூடவில்லை, கால் பங்குக்குச் சற்று மேல்தான் குறைந்தது. சோர்ந்து விடவில்லை, அடுத்த திட்டத்தைத் தொடங்கினார்கள். மத்தியில் ஆளும் கூட்டணிகள் மாறின, திட்டம் மாறவில்லை. 2008இல் 8,000ஐ ஒட்டியிருந்த கணக்கு, 2023இல் 3,429 ஆயிற்று. அந்தக் கணக்கிலும் பெரும்பாலோர் உறவினர், நண்பர் வீடுகளில் ஒண்டியிருப்பவர்களே.

கதை இத்துடன் முடிந்தால் மகிழலாம். 2023இல் பதவியேற்ற வலதுசாரிக் கூட்டணி, 2027க்குள் நீண்டகால வீடின்மையை ஒழிப்போம் என்று அறிவித்தது. அதே கூட்டணி 2024இல் வாடகை உதவியை வெட்டியது! ஒரு கையால் வாக்குறுதி, மறு கையால் கத்தரிக்கோல். 2024 முடிவில் கணக்கு 3,806. பத்தாண்டுக்கு மேலாக இறங்கி வந்த எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. இந்த வெட்டும் ஒரு காரணம் என்று அந்நாட்டு வீட்டு வசதி அமைப்புகளே எச்சரித்தன.

இதிலிருந்து தெரிவது என்ன, தோழர்களே? நகராட்சி எவ்வளவு நல்லதாயினும், மத்தியின் கை விலகினால் சுமை சரிகிறது. மத்தி எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும், நகரம் நிலம் ஒதுக்காவிட்டால் ஒரு செங்கல்லும் எழும்பாது. வண்டி ஓட இரண்டு சக்கரமும் வேண்டும்.

ஆகவே, 'எல்லோருக்கும் வீடு' என்று எந்தச் சர்க்கார் மேடையில் முழங்கினாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நிலம் யாருடையது? கட்டும் பணத்தில் யார் பங்கு எவ்வளவு? ஏழை வாடகை கட்ட முடியாத மாதத்தில் தாங்கும் கை எது? இவற்றுக்கெல்லாம் கையெழுத்து எங்கே? பதில் இல்லையென்றால், அந்த முழக்கத்தால் ஒரு கதவிலும் ஒரு பெயரும் ஏறப் போவதில்லை!