நகத்தளவு செப்பில் ஒரு பேரரசர்

கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய செப்புக்காசு. எடை ஒரு கிராமைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஒரு பக்கம் முத்துத் தலைப்பட்டம் கட்டிய பேரரசரின் முகம். மறுபக்கம் வெற்றித் தேவதை, கைதி ஒருவனை இழுத்துக்கொண்டு போகிறாள். கி.பி. 388 முதல் தியோடோசியஸ், அவர் மகன்கள் ஆர்க்கேடியஸ், ஹொனோரியஸ் பெயர்களில் வெளிவந்த ரோமானியக் காசு வகை இது.

அமராவதி ஆற்று மணலிலும் மதுரையிலும் வைகைக் கழிமுகத்து அழகன்குளத்திலும் கிடைத்த பிற்கால ரோமானியக் காசுகளில் பல இந்தக் காலத்தைச் சேர்ந்தவைதான். இலங்கையில் இன்னும் ஏராளம்.

அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துப் பொற்காசு என்றால்தான் ஊர் திரும்பிப் பார்க்கும். ஆனால் பொன்னும் வெள்ளியும் பெரும்பாலும் உலோக மதிப்புக்காக வந்தவை. குடத்தில் போட்டுப் புதைக்கப்பட்டவை. செப்பை உருக்கினால் என்ன தேறும்? முகம் தேய்ந்து வழவழக்கும் அளவுக்கு இந்தக் காசுகள் கைமாறியிருக்கின்றன. சந்தையில் சில்லறையாகவே புழங்கியிருக்க வேண்டும். இலங்கையில் இவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே நகல் காசு செய்தார்கள் என்பது அதற்கு வலுவான சான்று. சாமானியர் கைபட்ட வணிகத்தை அறிய, பொன்னைவிடச் செப்பே நல்ல சாட்சி.

மதுரையில் கிடைத்தவை இங்கேயே அடிக்கப்பட்டிருக்கலாம் என்று 1904-ல் ராபர்ட் சுவெல் கருதினார். பதில் காசிலேயே இருந்தது. அடிவிளிம்பில் உள்ள சில எழுத்துகள், அது அந்தியோக்கியாவில் பிறந்ததா, அலெக்சாண்டிரியாவிலா என்று சொல்லிவிடும். அந்த எழுத்து அழியாமல் தப்பிய காசுதான் சேகரிப்பாளர் தேடும் அரிய காசு. ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி கரூர், மதுரைக் காசுகளைத் திரட்டி, பொறுமையாகப் படித்து, 1994-ல் தனி நூலாகவே வெளியிட்டார். சேகரிப்பு என்பது அலமாரிப் பெருமையோடு நிற்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம்மிடம் இல்லை.

இனி தென்கரைப் பக்கம் வருவோம். உடன்குடியிலிருந்து வடக்கே போனால் திருச்செந்தூர், காயல்பட்டினம், சற்று உள்ளே தள்ளிக் கொற்கை. கால்டுவெல் 1870-களில் தோண்டிப் பார்த்த ஊர். இன்றும் அங்கே அக்கசாலை ஈசுவரமுடையார் கோயில் இருக்கிறது; அக்கசாலை என்றால் காசு அடிக்கும் இடம். திருநெல்வேலிச் சீமையின் காசுகளைப் பற்றி லோவந்தால் பாதிரியார் 1888-லேயே நூல் எழுதிவிட்டார். ஆக, இந்தக் கரையில் பழங்காசு கண்ணில் படுவது அதிசயமல்ல. அடுத்து என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பளபளப்புக்காகப் புளி போட்டுத் தேய்த்தால் களிம்போடு எழுத்தும் போய்விடும். கிடைத்த இடம் தெரியாமல் கடைக்குப் போன காசு, பாதி வரலாற்றை இழந்த காசு. சட்டமும் இருக்கிறது: 1878-ம் ஆண்டுச் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. தேய்க்காமல் ஒரு காகித உறையில் போட்டு, எடுத்த இடம், ஆழம், தேதி மூன்றையும் உறைமேல் எழுதிவிட்டால், நெல்லை அரசு அருங்காட்சியகத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர்களுக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.