மொட்டைச் சுற்றி ஐந்து காவல்

உதகை ரோஜா பூங்காவுக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கூட்டம் வந்துவிடும், பனியும் போய்விடும். எல்க் மலைச் சரிவில் ஐந்து அடுக்காக இறங்கும் இந்தப் பூங்கா, மலர்க் கண்காட்சியின் நூற்றாண்டு நினைவாக 1995-இல் உருவானது. ஆண்டின் தொடக்கத்தில் கவாத்து செய்து குச்சிகளாக நிற்கும் செடிகளை நான் பார்த்திருக்கிறேன். அதே செடிகள் ஏப்ரல், மே மாதங்களில் சரிவு முழுவதையும் பூவால் மூடிவிடுகின்றன.

இந்த முறை விரிந்த பூக்களை விட்டுவிட்டு, ஒரு மொட்டின் முன் குனிந்து நின்றேன். மொட்டை மூடியிருக்கும் பச்சை இதழ்கள் ஐந்து. இரண்டுக்கு இரு ஓரங்களிலும் தாடி போல மெல்லிய பிசிறுகள். இரண்டுக்கு ஓரம் மழுமழுவென்று இருந்தது. ஐந்தாவதற்கு ஒரு பக்கம் மட்டும் பிசிறு! காட்டு ரோஜாக்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம், பச்சை இதழ்கள் மொட்டில் ஒன்றன்மேல் ஒன்று மடிந்திருக்கும் முறைதான். இரண்டு வெளியே, இரண்டு உள்ளே. ஐந்தாவது ஒரு ஓரத்தை வெளியே நீட்டி, மறு ஓரத்தை அடுத்ததற்குள் செருகியிருக்கிறது. வெளியே தெரியும் ஓரத்துக்குத்தான் பிசிறு. மறைந்திருக்கும் ஓரத்துக்கு அது வேண்டியதில்லை, வைக்கவும் இல்லை. சுண்டுவிரல் நுனி அளவு மொட்டில் இவ்வளவு கணக்கா! கைகூப்பத் தோன்றியது.

காட்டு ரோஜாவுக்குப் பொதுவாக ஐந்தே இதழ்கள்தான். நீலகிரியின் சோலை ஓரங்களில் கொடியாய்ப் படரும் வெள்ளை ரோஜாவும் அப்படியே. பூங்கா ரோஜாவின் அடுக்கடுக்கான இதழ்களில் பெரும்பாலானவை, மகரந்தம் தாங்கும் இழைகளாக இருந்திருக்க வேண்டியவை; இதழாக மாறிவிட்டன. பூவின் நடுவில் தேடினால், பாதி இதழாகி ஓரத்தில் மஞ்சள் மகரந்தப்பை ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்று பெரும்பாலும் கிடைக்கும். அந்த மாற்றத்தைக் கண்டு, பொறுக்கி வளர்த்தவன் மனிதன். இழைக்குள் இதழை ஒளித்து வைத்தவன் அவனல்ல.

ரோஜாவின் முள் என்கிறோமே, அது கிளையின் மேல்தோல் வளர்ச்சிதான். கட்டையில் வேரோடியது இல்லை. அதனால்தான் பக்கவாட்டில் அழுத்தினால் பொட்டென்று கழன்றுவிடுகிறது.

படியில் சிவப்பு இதழ் ஒன்று உதிர்ந்து கிடந்தது. அதன்மேல் ஒரே ஒரு பனித்துளி, முத்துப் போல உருண்டையாக. ரோஜா இதழின் மேற்பரப்பு முழுக்க கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கூம்புகள் நெருங்கி நிற்கின்றன. பட்டுப் போன்ற மினுமினுப்பும் அவற்றால்தான். துளியைப் பரவவிடாமல் உருட்டி நிறுத்துவதும், ஓடவிடாமல் பிடித்துக்கொள்வதும் அவையே. தாமரை இலையில் நீர் ஒட்டாது, இங்கே ஒட்டும்.

இதழை எடுத்து, மெல்லத் தலைகீழாகத் திருப்பினேன். துளி விழவில்லை.