பெயரோடு நின்றுபோன பேச்சு: 'இராவணா-1' எதற்காக விண்ணுக்குப் போனது?

இலங்கைப் பொறியியலாளர்கள் உருவாக்கிய 'இராவணா-1' என்ற ஆய்வுச் செய்மதி, 2019 ஏப்ரல் 17ஆம் திகதி அமெரிக்காவின் வேர்ஜீனியாவிலிருந்து விண்ணுக்கு அனுப்பப்பட்டது. நான்கு நாட்களில் உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது. அந்தத் துயரத்தில் செய்மதியை யார் நினைத்தார்கள்? ஜூன் 17இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து அது சுற்றுப்பாதையில் விடப்பட்டபோது, நம்மிடையே பேச்சு அதன் பெயரைச் சுற்றியே இருந்தது.

அந்த விமர்சனம் காரணமற்றதல்ல. திருகோணமலையின் இராவணன் வெட்டும், தாயின் கிரியைக்காக அவன் உண்டாக்கியதாகச் சொல்லப்படும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் தமிழர் மரபில் ஊறியவை. போருக்குப் பின்னர் தென்னிலங்கையில் இராவணனைச் சிங்கள மூதாதையாகக் கொண்டாடும் போக்கு வலுத்தது. செய்மதி சுற்றத் தொடங்கிய மறுமாதமே கன்னியா உரிமைக்காகத் தமிழர்கள் திரண்டு போராட வேண்டியிருந்தது. நிலத்தில் இழுபறியில் இருக்கும் பெயர் வானில் ஏறும்போது கசப்பு வரத்தான் செய்யும்.

ஆனால் அந்தக் கசப்பில் அறிவியல் மறைந்துபோனது. இராவணா-1, பக்கத்துக்கு 10 சென்ரிமீற்றர் கொண்ட சிறு பெட்டி; எடை ஏறத்தாழ ஒரு கிலோ. தரிந்து தயாரத்ன, துலானி சாமிகா ஆகிய இருவரும் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் இதை உருவாக்கினர். நேபாளத்தின் முதல் செய்மதியும் இதே திட்டத்தில் உருவானதுதான். சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில் பூமியைச் சுற்றிய இராவணா-1, 2021 அக்டோபரில் வளிமண்டலத்துக்குள் விழுந்து எரிந்தது.

படம் எடுப்பதுடன், 'லோரா' என்ற வானொலி நுட்பத்தை விண்ணில் சோதிப்பதும் அதன் பணி. மிகக் குறைந்த மின்சாரத்தில் சிறு தகவலைத் தொலைதூரத்துக்கு அனுப்பும் முறை இது. கைபேசிச் சமிக்ஞை இல்லாத இடத்தில் நிற்கும் நீர்மட்டக் கருவியும் இவ்வழியில் செய்மதியோடு பேசலாம்.

இது நமக்கு அந்நியமான விடயமா? மாரியில் உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டால் படுவான்கரை தவிக்கிறது. முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரருக்கும் மீனவருக்கும் கருத்து வேறுபடுகிறது. குளத்திலும் வாவியிலும் நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை மணிக்கு மணி அறிந்தால் முடிவெடுப்பது இலகு.

இராவணா-1 இந்த வேலையைச் செய்யவில்லை. அது வெறும் பரிசோதனைதான். ஆனால் இத்தகைய வாய்ப்புக்கு மாணவர்கள் எப்படித் தெரிவாகிறார்கள், கிழக்குப் பல்கலைக்கழக மாணவருக்கு அதில் இடமுண்டா, கிடைக்கும் பயன் வடக்குக் கிழக்குக்கும் வருமா என்று நாம் கேட்டிருக்கலாம். பெயரை எதிர்ப்பது நம் உரிமை. அடுத்த செய்மதியின்போது இந்தக் கேள்விகளையும் சேர்த்தே எழுப்ப வேண்டும்.